பீருக்குப் பங்காளி, கம்பங்கூழ்

மே மாதத்து நண்பகலில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவருக்குத் தாகம் தீர்க்கும் வழிகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணா சிலைப் பக்கமும் மெயின்கார்டு கேட் பக்கமும் சாலையோர நிழலில் கூழ்ப் பானை, மோர்ச் சட்டி, நன்னாரி சர்பத், கரும்புச்சாறு என்று வண்டிகள் நிற்கும். கட்சிக் கொடி கட்டிய தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் காசில்லாமலே கிடைக்கும். இவற்றுள் கம்பங்கூழை நாம் சுவைத்துப் பேசத்தக்க பானமாக எண்ணுவதே இல்லை. ஒரு காலத்தில் அது வயிற்றை அடைக்கும் ஏழைச் சாப்பாடு. இன்று ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று மருந்து வரிசையில் ஏறிவிட்டது. இரண்டு நிலையிலும் அதன் சுவையைப் பற்றி யாரும் நான்கு வாக்கியம் பேசியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோதுமையோடு ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தைச் சேர்த்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, கோடைக்கென்றே ஒரு வகை பீர் வடிக்கிறார்கள். அதன் மணம், நிறம், நுரை, நாவில் படும் கனம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட அங்கே தேர்ந்த நாக்குகளும் அதற்கான சொற்களும் உண்டு. அதே அளவுகோலைக் கூழுக்கும் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? தானியம், புளிப்பு, உப்பு, மசாலா ஆகிய நான்கும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன என்பது தெரியும். வேதியியல் கணக்கில் கம்பங்கூழ் பீருக்குப் பங்காளி. இரண்டும் பாகம் பிரிந்தது ஒரே ஓர் இடத்தில்தான். காவிரிக்கரை வெயிலுக்கு அந்தப் பிரிவினையில் கூழுக்குக் கிடைத்த பங்கே மேலானது என்பதற்குச் சான்றும் இருக்கிறது.

தானியத்திலிருந்து தொடங்கலாம். பீருக்கு வழக்கமான தானியம் பார்லி. அதோடு கோதுமையைச் சேர்ப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரதம். பீரின் நுரை கலையாமல் நிற்பதும், அது கண்ணாடிபோல் தெளியாமல் வெண்மையாகக் கலங்கி நிற்பதும் பெரிதும் அந்தப் புரதத்தால்தான். ரை வேறு வேலை செய்கிறது. அதில் அராபினோசைலான் என்னும் நார்ச்சத்து மிகுதி. நீரில் ஊறியதும் அது வழவழப்பாகிப் பானத்துக்குக் கனம் கொடுக்கும். ரை கூடிவிட்டால் ஊறலே களியாகி வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் வடிப்பவர்கள் அதை அளந்துதான் சேர்ப்பார்கள். கம்பங்கூழில் இந்தக் கனத்தை மாவுச்சத்து கொடுக்கிறது. நீரில் வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் உப்பி வெடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைத்த கூழ் தொண்டையில் மெதுவாக இறங்குவது இதனால்தான். பானம் கெட்டியாகும்போது அதிலுள்ள சுவைப்பொருள் நாவை வந்து சேர்வதும் மணப்பொருள் மூக்குக்கு ஏறுவதும் குறைகின்றன என்பது உணவியலில் பலமுறை சோதித்து அறியப்பட்டது. கூழுக்கு உப்பும் வெங்காயமும் மிளகாயும் தூக்கலாக வேண்டியிருப்பதற்கு இதுவே முதற்காரணம். ரை பீருக்கு மசாலா பொருந்திப்போவதற்கும் இதே காரணத்தைச் சொல்லலாம்.

கம்பின் நிறத்திலும் மணத்திலும் கவனிக்க நிறைய இருக்கிறது. கம்பு மாவின் சாம்பல் நிறம் அதன் வெளிப்படலத்தில் உள்ள ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களால் வருகிறது. இவை புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுபவை: காரம் பட்டால் மஞ்சளாகும், அமிலம் பட்டால் வெளுக்கும். கம்பு விளையும் நாடுகளில் புளித்த பாலிலோ புளிக்கரைசலிலோ தானியத்தை ஊறவைத்து வெளுக்கச் செய்யும் பழக்கம் உண்டு. எனவே நன்றாகப் புளித்த கூழ், புளிக்காத கூழைவிட வெளிறித் தெரிவதற்கு அதில் ஊற்றிய மோர் மட்டும் காரணமில்லை. மணத்தைப் பொறுத்தவரை, ஈரம்பட்ட கம்பு மாவிலிருந்து எழும் தனி வாசனைக்கு அசிட்டைல் பைரோலின் என்னும் சேர்மம் முக்கியக் காரணம் என்று 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பாசுமதி அரிசியின் மணத்துக்கும் சுட்ட ரொட்டியின் மேலோட்டு மணத்துக்கும் அதே சேர்மம்தான் பொறுப்பு. பிரியாணியில் கொண்டாடப்படும் வாசனையைக் கம்பு மாவில் ‘எலி வாசம்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கூட இருக்கும் மற்ற மணங்களும், நாம் எதை எதிர்பார்த்து முகர்கிறோம் என்பதும் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பை எழுதுகின்றன. கம்பில் கொழுப்பு அரிசியைவிட மிகுதி; அரைத்து வைத்த மாவில் நொதிகள் அந்தக் கொழுப்பை உடைப்பதால் மாவு சில நாட்களிலேயே காறல் அடிக்கத் தொடங்கும். மாவை அன்றன்று இடித்துக்கொள்ளும் பழைய வழக்கம் சுவைக்கான ஏற்பாடும்தான்.

இனி, பங்காளிகள் பிரிந்த இடம். ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும். மாவுச்சத்தை அது நேரடியாகத் தின்னாது. பீர் வடிப்பவர் முதலில் தானியத்தை நனைத்து முளைகட்டுகிறார். முளைக்கும் விதை தன் சேமிப்பைக் கரைத்துக்கொள்ள அமைலேஸ் என்னும் நொதிகளைச் சுரக்கும். முளையை உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்தால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டித் தள்ளும். அதன்மேல் ஈஸ்ட் விழுந்து சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கம்பங்கூழில் இந்த முளைகட்டும் படி கிடையாது. முளைக்காத மாவில் கிடைக்கும் சர்க்கரை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் வேகமாகப் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பிடித்துக்கொண்டு புளிப்பாக்கிவிடுகின்றன. நீரில் கரைத்த கம்பு மாவு ஓரிரவில் புளித்துப் பொங்குவதும், குடித்தவரை அது தள்ளாட வைக்காததும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். இந்தப் பாக்டீரியாக்களில் ஒரு பிரிவு லாக்டிக் அமிலத்தோடு சிறிது சாராயத்தையும் உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் அது போதை என்ற பேச்சுக்கே இடமில்லாத சுவட்டளவு. புளித்த இட்லி மாவிலும் அதே பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன.

கூழையும் பீரையும் உறவு சொல்வது வலிந்த ஒப்பீடு, ஒன்றில் போதை இருக்கிறது, மற்றதில் இல்லை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். அதே தானியங்கள் முளைகட்டிய இடங்களில் என்ன ஆயின என்று பார்த்தால் மறுப்பு வலுவிழக்கிறது. கம்பு ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தானியம். நமீபியாவில் இன்றும் கம்பு மாவைக் காய்ச்சி, முளைகட்டிய சோள மாவைக் கலந்து, ஒரு நாளுக்குள் புளிக்கவைத்து ‘ஓஷிகுண்டு’ என்று குடிக்கிறார்கள். கூழுக்கும் பீருக்கும் நடுவே நிற்கும் பானம் அது. கேழ்வரகும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் வேகவைத்த கேழ்வரகில் ‘மார்ச்சா’ என்னும் நொதிக்கட்டியைப் பொடித்துப் போட்டுப் போதையேற்றும் ‘தோங்பா’ செய்கிறார்கள். முளை செய்யும் வேலையை அங்கே பூஞ்சை செய்துவிடுகிறது. தமிழர்க்கும் இந்தப் பாதை தெரியாததில்லை. அரிசிக் களியை ஆற்றி, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து மது வடிக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாக விவரிக்கிறது. அந்த அடையை முளைகட்டிய நெல்லால் ஆனது என்று விளக்குவோர் உண்டு. ஆக, தானியக் களி என்பது ஒரே நடுவீடு. முளையையோ பூஞ்சையையோ சேர்த்தால் ஒரு வாசல் பீருக்குத் திறக்கும். சேர்க்காமல் விட்டால் மறுவாசல் கூழுக்குத் திறக்கும்.

புளிப்பு இரண்டு வீட்டிலும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் தோன்றி லைப்சிக் நகரில் புகழ்பெற்ற ‘கோஸே’ என்னும் கோதுமை பீரில் லாக்டிக் புளிப்பும், உப்பும், கொத்தமல்லி விதையும் சேர்ந்தே வரும். பெர்லினின் வெள்ளை பீரும் அதே பாக்டீரியாக் குடும்பத்தால் புளித்தது. பவேரியாவில் 1516ஆம் ஆண்டுச் சட்டம் பீரில் பார்லி, ஹாப் பூ, நீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. கோதுமையும் ரையும் ரொட்டிக்கு வேண்டும் என்ற கவலையும் அதன் பின்னால் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தின் நிழல் விழாத இடங்களில்தான் மசாலா பீர்கள் பிழைத்தன. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் அழிந்துபோயிருந்த கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல் கோதுமை பீரை 1960களில் பியேர் செலிஸ் என்பவர் மீண்டும் வடிக்கத் தொடங்கியதால்தான் அந்த வகை இன்று உலகெங்கும் கிடைக்கிறது. இக்காலத்தில் புளிப்பு பீர் செய்வோர் கையாளும் நுட்பம் ஒன்றுண்டு: தானியச் சாற்றை முதலில் பாக்டீரியாவால் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவைத்துக் கிருமிகளைக் கொன்று, புளிப்பை மட்டும் நிறுத்திக்கொள்வது. கம்பு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சும் நம் வீட்டு முறை அச்சாக இதுவேதான். கூழ் அதற்கு மேலும் ஒரு படி போகிறது. காய்ச்சிய களியை இன்னோர் இரவு வைத்திருந்து, காலையில் மோர் விட்டுக் கரைக்கிறோம். முதல் புளிப்பு மழுங்கிய, ஆழமான சுவை. இரண்டாவது புளிப்பும் மோரும் சேர்ந்து தருவது கூர்மையான, வெண்ணெய் மணம் கலந்த சுவை. அந்த வெண்ணெய் மணத்துக்கு முக்கியக் காரணமான டைஅசிட்டைல் என்னும் சேர்மம் பெரும்பாலான பீர்களில் குற்றமாகக் கருதப்படும். மோரில் அதுவே குணம்.

புளிப்பு தாகத்தைத் தணிக்கிறது என்பது வெறும் நம்பிக்கையா? நாவில் புளிப்பை உணரும் செல்களுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் நுழையும் வாயிலான ஓட்டாப்1 என்னும் புரதத்தை 2018இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கலிஃபோர்னியாவில் எலிகளில் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. நாவில் நீர் பட்டால் விழித்துக்கொள்பவை அதே புளிப்புச் செல்கள்தான் என்றும், அவற்றை ஒளியால் தூண்டினால் தாகமுள்ள எலி நீரே வராத குழாயையும் நக்கிக்கொண்டிருக்கும் என்றும் அது காட்டியது. தாகம் தணிவதும் இரத்தத்தில் நீர் சேர்வதும் ஒரே நேரத்தில் நடப்பவையும் அல்ல. குடித்த நீர் இரத்தத்தின் அடர்த்தியை மாற்றப் பத்து நிமிடமாவது ஆகும். மூளையின் தாக நரம்புகளோ வாயில் நீர் பட்ட சில நொடிகளிலேயே அடங்கத் தொடங்குகின்றன. அப்படியானால் வாயும் தொண்டையும் அனுப்பும் செய்தியே முதல் ஆறுதல். புளிப்பு அந்தச் செய்தியை உரக்கச் சொல்கிறது, எச்சிலையும் சுரக்க வைக்கிறது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்துமென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் கோஸே, மோர், கூழ், எலுமிச்சை சர்பத் என்று தூரத்து ஊர்களின் கோடைப் பானங்கள் எல்லாம் புளிப்பில் வந்து கூடுவது வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

உப்பும் மசாலாவும் அடுத்த அடுக்கு. சோடியம் நாவில் கசப்பைக் குறைக்கும் என்பதை 1997இல் பிரெஸ்லினும் போஷாம்பும் காட்டினார்கள். கம்பின் மேல்தோலில் உள்ள இலேசான கசப்பு, உப்பிட்ட கூழில் மறைந்து தானியத்தின் இனிப்பு மேலே வருவது இதனால்தான். மசாலாவின் வேலை இன்னும் நுட்பமானது. நாவிலும் வாயிலும் சுவைக்கென்று உள்ள ஏற்பிகள் தவிர வெப்பத்தையும் குளிரையும் உணரும் நரம்பு ஏற்பிகளும் உண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்னும் ஏற்பியைத்தான் மிளகாயின் கேப்சைசின் தட்டுகிறது என்று 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்த வழி ஆய்வுகளுக்காகத்தான். சுக்கின் காரமும் இதே கதவைத்தான் தட்டும். குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்னும் ஏற்பியைப் புதினாவின் மெந்தால் திறக்கும். ஏலக்காயின் முதன்மை மணப்பொருளான சினியோலும் திறக்கும். கொத்தமல்லி விதையின் லினலூலும் சற்றே திறக்கும். இந்தக் கண்ணோடு சத்திரத்திலிருந்து பேருந்து ஏறி சமயபுரம் போனால், அங்கே மாசி, பங்குனி மாதங்களில் அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கும் காலத்தில் துள்ளுமாவோடு படைக்கும் பானகமும் நீர்மோரும் வேறு அர்த்தம் பெறும். வெல்லம், சுக்கு, ஏலம் சேர்ந்த பானகம் வாயில் சூட்டு நரம்பையும் குளிர் நரம்பையும் ஒருசேரத் தூண்டுகிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேருக்குப் பந்தலில் ஊற்றும் நீர்மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் செய்வது மோரின் தட்டையான புளிப்புக்கு மேலும் கீழும் மணம் கட்டுவது. பெல்ஜியத்து வடிப்பவர் கொத்தமல்லி விதையைப் போடுவதும் இதே கணக்கில்தான்.

மணத்தில் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. பவேரிய கோதுமை பீரில் கிராம்பே போடாமல் கிராம்பு மணம் வரும். கோதுமை, ரை இரண்டின் தவிட்டிலும் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. சில ஈஸ்ட் வகைகள் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து கிராம்பு வாசமுள்ள வினைல் குவாயகாலாக மாற்றுகின்றன. அதே பீரில் வாழைப்பழ மணமும் உண்டு. அது ஐசோஅமைல் அசிடேட். திருச்சி காந்தி மார்க்கெட்டில் வந்து இறங்கும் வாழைத்தார் பழுக்கும்போது எழும் மணத்தின் முக்கிய அங்கமும் அதுவே. கேழ்வரகின் மேல்தோலிலும் ஃபெருலிக் அமிலம் நிறைய உண்டு. அதை உடைக்கும் திறன் லாக்டிக் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கும் இருக்கிறது. கம்பில் பாதி கேழ்வரகு சேர்த்த கூழ் தனிக் கம்பங்கூழைவிட வேறு மணம் கொண்டிருப்பதை நாக்கு உணர்வது கற்பனையாக இருக்கவேண்டியதில்லை. கூழோடு கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயமும் இந்த அடுக்கில் சேரும். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அந்த வெங்காயத்தை நறுக்கும் கணத்தில்தான் அதன் செல்கள் உடைந்து, நொதி பட்டு, கந்தக மணப்பொருள்கள் பிறக்கின்றன. முன்கூட்டி நறுக்கி வைத்த வெங்காயத்தில் அந்தக் கூர்மை மங்கிவிடும். வாய்க்குள் பற்களே நறுக்குவதால் கடித்துக்கொள்வது கரைத்துக் குடிப்பதைவிட மணம் மிகுந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். மிளகாயும் சுக்கும் சூட்டு நரம்பைத் தூண்டுபவை என்றால் அவை எப்படிக் கோடைக்கு ஆகும்? பனிக்கட்டி போட்ட சோடாதானே உண்மையில் உடலைக் குளிர்விக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 டிகிரியில் உள்ள 300 மி.லி. பானம் வயிற்றில் 37 டிகிரிக்குச் சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 10 கிலோகலோரி. தோலில் 100 மி.லி. வியர்வை முழுதாக ஆவியாகும்போது எடுத்துச்செல்வதோ சுமார் 58 கிலோகலோரி. வெயிலில் உடலைக் காப்பது வியர்வைதான். பானத்தின் முதல் கடமை அந்த வியர்வைக்கு வேண்டிய நீரையும் உப்பையும் கொடுப்பது. காரம் தின்றால் முகமும் தலையும் வியர்ப்பதை 1954இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ். லீ முறையாகச் சோதித்து எழுதினார். மிகக் குளிர்ந்த பானம் வியர்ப்பதைக் குறைத்துவிடுவதையும், வியர்வை முழுதும் ஆவியாகும் நிலையில் வெந்நீர் குடித்தவரின் உடலில் தங்கும் வெப்பம் குறைவாக இருந்ததையும் ஒட்டாவா பல்கலைக்கழகக் குழு 2012இல் காட்டியது. அந்த நிபந்தனை முக்கியம். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சொட்டி வீணாகும். உள்நாட்டு ஊரான திருச்சியின் உலர்ந்த பிற்பகலில் அது ஆவியாகும் வாய்ப்பு அதிகம். மோர் மிளகாய் ஒன்றைக் கடித்ததால் மட்டும் உடல் குளிர்ந்துவிடும் என்பதற்கு இது சான்றாகாது. பனிக்கட்டிதான் குளிர்ச்சி என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதுமான சான்று.

பனிக்கட்டி சுவைக்கும் பகை. நாவில் இனிப்பையும் கசப்பையும் கடத்தும் ஏற்பாடு சூட்டுக்கு ஏற்பக் கூடிக் குறையும், குளிர்ந்தால் மங்கிவிடும். 100 மி.லி.க்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள குளிர்பானம் சூடேறிவிட்டால் திகட்டுவதும், சில்லென்று இருக்கும்போது அளவாக இனிப்பதும் இதனால்தான். அந்தப் பானங்கள் குளிர்பெட்டியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. கூழ் குளிர்பெட்டிக்கு முந்தைய வடிவமைப்பு. மண்பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைச் சில டிகிரி இறக்கும். அந்த மிதமான குளிர்ச்சியிலேயே எடுபடும் புளிப்பு, உப்பு, காரம், மணம் ஆகியவற்றின் மேல்தான் அதன் சுவை கட்டப்பட்டிருக்கிறது. கூழில் பனிக்கட்டி போட்டு விற்கும் புதுப்பழக்கம் அந்தக் கட்டுமானத்தை நீர்த்துப்போகச் செய்கிறது.

இப்போது போதையின் கணக்கு. சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்க மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்னும் இயக்குநீரைச் சாராயம் தடுக்கிறது. ஒரு கிராம் சாராயத்துக்கு ஏறத்தாழ 10 மி.லி. கூடுதல் சிறுநீர் என்பது 1942இல் எகிள்டன் அளந்த பழைய கணக்கு. ஐந்து விழுக்காட்டு பீர் 330 மி.லி. குடித்தால் சுமார் 13 கிராம் சாராயம், 130 மி.லி. இழப்பு, மீதி 200 மி.லி. உடலில் நிற்கும். பீர் உடலை வறட்டிவிடும் என்று ஒரே வீச்சில் சொல்வது சரியில்லை. ஆனால் டாஸ்மாக்கில் பரவலாக விற்கும் ஸ்ட்ராங் பீரில் சாராயம் எட்டு விழுக்காடு வரை இருக்கலாம். 650 மி.லி. புட்டியில் அது 41 கிராம். குடித்ததில் 400 மி.லி. வரை திரும்பிப் போய்விடும். மே மாத நண்பகலில் இது நல்ல பேரம் இல்லை. ஒரு லிட்டர் வியர்வையில் ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு போகிறது. சாதாரண பீரில் அதை ஈடுசெய்யும் அளவுக்கு உப்பு இல்லை. குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தே உட்செல்கின்றன, அவற்றின் பின்னால் நீரும் செல்கிறது என்ற கண்டுபிடிப்பின்மேல் எழுந்ததுதான் உப்பு சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்க அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநபிஸ் வாந்திபேதியில் கிடந்த எண்ணற்றோரை அதைக் கொண்டு பிழைக்கவைத்தார். சர்க்கரைக்குப் பதில் அரிசி முதலிய தானிய மாவைக் காய்ச்சிச் சேர்த்தாலும் அது வேலை செய்யும் என்று பின்வந்த சோதனைகள் காட்டின. உப்பிட்ட நீர்த்த கூழ் அந்தத் தத்துவத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அளவு ஒழுங்கு இல்லாததால் நோயாளிக்கு அது மாற்று ஆகாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு அது மிகப் பொருத்தம்.

சாலையோரக் கூழ் சுத்தமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. பிஎச் அளவு 4.5க்குக் கீழே இறங்கிய உணவில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் பெருக இயலாது. நன்கு புளித்த கூழுக்கு இந்தக் காப்பு உண்டு. ஆனால் பெருகாது என்பது வேறு, சாகும் என்பது வேறு. காய்ச்சிய களியின் மேல் பிறகு ஊற்றும் நீர், கையால் கரைப்பது, பச்சை வெங்காயம், பனிக்கட்டி எல்லாமே புதுக் கிருமிகள் நுழையும் வாசல்கள். அவசரத்தில் புளிக்கவைக்காமல் மோரையும் நீரையும் ஊற்றிக் கரைத்த கூழில் அந்தக் காப்பே குறைவு. பீருக்கு இந்தச் சிக்கல் குறைவாக இருப்பது கொதிநிலை, சாராயம், மூடிய புட்டி ஆகியவற்றால். எனவே கூழுக்கு எதிரான நியாயமான குற்றச்சாட்டு அதன் நொதிப்பின்மேல் இல்லை, அதைக் கரைக்கும் நீரின்மேல்தான் இருக்கிறது. கொதித்து ஆறிய நீரும் கரண்டியும் அதைத் தீர்த்துவிடும்.

மறுபக்கத்து மிகையையும் சொல்லியாக வேண்டும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கூழ் எல்லா நோய்க்கும் மருந்தென்ற பேச்சு பெருகிவிட்டது. கம்பில் இரும்பும் கேழ்வரகில் கால்சியமும் அரிசியைவிடப் பன்மடங்கு என்பது உண்மை. ஆனால் ஃபைட்டிக் அமிலம் அவற்றைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதால் எல்லாமே உடலில் சேர்வதில்லை. புளிக்கவைப்பது அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, முற்றாக விடுவிப்பதில்லை. கம்பையே முழு உணவாகத் தின்று, அயோடினும் குறைவாக உள்ள சூடானின் டார்ஃபூர் பகுதியில் அதன் ஃபிளேவனாய்டுகள் முன்கழுத்துக் கழலைக்குத் துணைபோவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நிறத்தையும் கசப்பையும் கொடுக்கும் அதே பொருள்கள்தான் அவை. பலவகைச் சாப்பாட்டோடு அயோடின் உப்பும் சேர்க்கும் ஒருவருக்கு ஒரு சொம்புக் கூழால் அந்த அச்சம் தேவையில்லை. குழைய வெந்து நீர்த்த கூழ் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. மருந்தென்று புகழ்வதும் ஏழைச் சாப்பாடென்று இகழ்வதும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டுமே கூழை நாவில் நிறுத்திச் சுவைக்க விடுவதில்லை.

பீருக்குக் கிடைத்த மதிப்பில் பெரும்பங்கு, அதை வகைபிரித்துப் பேசியதால் வந்தது. எந்தத் தானியம், எத்தனை நாள் நொதித்தது, எவ்வளவு புளிப்பு, என்ன மசாலா என்று கேட்கத் தெரிந்த குடிப்பவர்கள் இருந்ததால்தான் ஹூகார்டனில் அழிந்த ஒரு வகைக்கு மறுபிறப்பு கிடைத்தது, கோஸே மீண்டும் உயிர்பெற்றது. கூழுக்கும் அந்தக் கேள்விகள் எல்லாம் பொருந்தும். இன்று இடித்த கம்பா, பை மாவா? மாவை இரவில் புளிக்கவைத்தார்களா, மோரின் புளிப்பு மட்டும்தானா? நொய் எவ்வளவு? கேழ்வரகு சேர்ந்ததா? கரைத்த நீர் எது? சத்திரத்தைச் சுற்றி செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ் போன்ற கல்லூரிகள் இருக்கின்றன. சில ரூபாய் பிஎச் தாளும் ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டு ஒரு கோடை முழுதும் வண்டி வண்டியாக அளந்து, கூடவே சுவைத்துக் குறித்தால், எந்தப் புளிப்பில் சுவையும் காப்பும் ஒருசேரக் கிடைக்கின்றன என்பதை மாணவர்களே சொல்லிவிடலாம். அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட கூழ்க்காரர் முதல் நாளே மாவைப் புளிக்கப்போட்டதற்கு விலை கேட்க முடியும். குடிப்பவரும் காரணம் தெரிந்து கொடுப்பார்.